சேம அச்சு முதல் தகர வில்லை வரை

பயணம் புறப்படுவோர் மறவாமல் எடுத்துச் செல்ல வேண்டியவை எவை என்று கேட்டால் இன்று யாரும் ஒரு பட்டியல் சொல்லிவிடுவர். மாற்றுடை, மருந்து, குடிநீர், பணம், அடையாள அட்டை. இப்பட்டியலில் ஆராய என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆயின் ஒரு காலத்து மக்கள் எதை மூட்டை கட்டினர் என்பதை அறிந்தால், வழி தமக்கு எதைத் தரும் என்று நம்பினர், எதைத் தராது என்று அஞ்சினர் என்பதும் விளங்கும். மூட்டையின் வரலாறு ஒருவகையில் நம்பிக்கையின் வரலாறு. அவ்வகையில் நம் இலக்கியத்திலிருந்து சில மூட்டைகளை இங்கே அவிழ்த்துப் பார்ப்போம்.

முதலில் பாணர் மூட்டை. ஆற்றுப்படை நூல்கள் காட்டும் பாணரும் கூத்தரும் நெடுவழி நடப்பவர்கள். மலைபடுகடாம் தொடங்குவதே அவர்களுடைய சுமையைச் சொல்லித்தான். முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, குழல் எனப் பல இசைக்கருவிகளைப் பைகளில் இட்டுக் கட்டி, பலாமரத்தில் காய்கள் கொத்தாகத் தொங்குவதுபோலச் சுமந்து வருகின்றனர். இப்பைக்குக் ‘கலப்பை’ என்று பெயர். உழும் கலப்பையன்று, கலங்களை இட்ட பை. இத்தனை கருவிகளைச் சுமப்பவர்கள் சோற்று மூட்டை சுமப்பதாகப் பெருங்கௌசிகனார் பாடவில்லை. மாறாக, எந்தச் சிற்றூரில் எத்தகைய உணவு கிடைக்கும், நன்னனைக் காணச் செல்லும் கூத்தர் என்று சொன்னால் மலைவாழ் மக்கள் எவ்வாறு உறவினரைப் போல வரவேற்பர் என்றெல்லாம் விரித்துரைக்கிறார். அவர்கள் சுமந்த கருவியே தொழிற்கருவி. அதுவே இன்னார் என்று அறிவிக்கும் அடையாளம். அதுவே உணவுக்கான உறுதியும் ஆயிற்று. அதியமான் வாயிலில் காத்து நிற்க நேர்ந்த ஔவையார், தம் கலப்பையைக் கட்டிக்கொண்டு புறப்படத் துணிந்த செருக்கும் (புறநானூறு 206) இந்த உறுதியிலிருந்து பிறந்ததே.

வழி எல்லோரிடமும் இவ்வாறு பரிவு காட்டியதில்லை. உமணர் மூட்டையைப் பார்த்தால் இது தெரியும். நெய்தல் நிலத்து உப்பை வண்டிகளில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டு சென்ற இவர்கள், வழியிடையே உதவி கிடைக்கும் என்று எண்ணிப் புறப்படவில்லை. பெரும்பாணாற்றுப்படை காட்டும் உமணர் வண்டியில் காடி வைத்த பானை கயிற்றால் பிணிக்கப்பட்டிருக்கிறது. பெண்களும் குழந்தைகளும் உடன் வருகின்றனர். அது நகரும் குடும்பம். புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் இவ்வண்டியின் அடிப்பகுதியையும் நமக்குக் காட்டுகிறார். எருதுகள் இளையவை, பாரமோ மிகுதி, வழியில் பள்ளம் எது மேடு எது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே உமணர் வண்டியின் கீழ்மரத்தில் இன்னோர் அச்சையும் சேர்த்துக் கட்டியிருக்கின்றனர். அதுவே ‘சேம அச்சு’. இன்றைய வண்டிகளில் மாற்றுச் சக்கரம் இருப்பது போன்றதே இது. அதியமான் மகன் பொகுட்டெழினிக்கு உவமையாக இதைக் கூறுகிறார் புலவர். ஓர் அரசிளங்குமரனைப் புகழ உதிரி அச்சைக் காட்டிலும் சிறந்த பொருள் அவருக்குத் தோன்றவில்லை என்பதே, அக்கால வழிகளின் கொடுமைக்குச் சான்று.

உணவைப் பொறுத்தவரை மாமூலனார் அகநானூற்றில் தரும் செய்தி சுவையானது. புல்லியின் வேங்கட நாட்டில் கோவலர் இளங்காளையின் கழுத்தில் மூங்கிற் குழாயைக் கட்டி அதில் இனிய புளியுணவைக் கொண்டு செல்கின்றனர். புளிச்சோறு என்றே இதற்குப் பொருள்கொள்வர். வழியில் பசித்து வருவோர்க்கு அதைத் தேக்கிலையில் பகிர்ந்தளிக்கின்றனர். கெடாத உணவு என்பதால் புளிச்சோறு நம் பயண உணவாக இன்றளவும் நிற்கிறது. ஆயினும் நாம் கருத வேண்டியது அதன் பழமையை மட்டுமன்று. அக்குழாய் கோவலர்தம் பசிக்கு மட்டும் அளந்து நிரப்பப்பட்டதன்று. எதிரே வருபவன் பங்கும் அதில் இருந்தது.

துறவியர் மூட்டை மிகச் சிறியது. கலித்தொகையின் ஒன்பதாம் பாடலில் வரும் அந்தணர்களிடம் குடை, உறியில் தொங்கும் கரகம், முக்கோல் ஆகியவையே உள்ளன. சிலப்பதிகாரத்தில் மதுரைக்குப் புறப்படும் கவுந்தியடிகள் பிச்சைப் பாத்திரத்தையும், தோளில் இடும் துணியையும், மயிற்பீலியையும் எடுத்துக்கொள்கிறார். இவற்றுள் பீலி தமக்காகச் சுமந்ததன்று. சிற்றுயிர்கள் தம்மால் துன்புறாதிருக்கச் சுமந்தது. வழியிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளச் சிலர் பொருள் சுமக்க, தன்னிடமிருந்து வழியைக் காக்கவும் ஒருவர் பொருள் சுமந்தார்.

அவருடன் நடந்த இருவரிடம் இருந்ததோ ஓர் இணைச் சிலம்பு. விடியுமுன் புகாரை விட்டு நீங்கிய கோவலன், அதையே முதலாக வைத்துப் புதுவாழ்வு தொடங்க எண்ணினான். புகாரில் பெருவணிகர் குடியினரான அவர்களை அறியாதார் இல்லை. மதுரையிலோ அவன் யார் என்று சொல்ல எவரும் இல்லை. பாணனுக்கு யாழ் அடையாளம் ஆனது. கோவலனுக்குச் சிலம்பு பழி ஆனது. முன்பின் அறியாத ஒருவன் கையில் விலையுயர்ந்த பொருள் இருந்தால், அவனைக் கள்வன் என்று சொல்வது எளிது. சிலம்பின் மாணிக்கப் பரல் அரசவையில் உண்மையைச் சொன்னது. ஆனால் கோவலன் இறந்த பின்னரே சொன்னது. காலம் கடந்து பேசும் சான்று நீதியை நிலைநாட்டலாம், உயிரை மீட்காது.

இந்த இடத்தில் நம் நினைவு பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளுக்குத் தாவுகிறது. தமிழகத்திலிருந்து இலங்கையின் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர் கொண்டு சென்ற மூட்டையில் என்ன இருந்திருக்கும்? பாத்திரம், துணி, சிறிது அரிசி. இவற்றோடு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்தின் குறியும் எண்ணும் பொறித்த தகர வில்லை ஒன்றும் அவர்களுக்கு வழங்கப்பட்டது. அது மனிதரின் பெயரைச் சொல்லவில்லை. அவர் எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்பதைச் சொன்னது. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்வதற்கோ ‘துண்டு’ தேவைப்பட்டது. இன்ன தொகை கடனைத் தீர்த்தால் விடுவிக்கப்படுவர் என்று எழுதிய சீட்டு அது. நம் மொழியின் எளிய சொல் ஒன்று ஆங்கிலத் தோட்ட நிர்வாகத்தின் கலைச்சொல்லாகி, 1921இல் அம்முறை ஒழிக்கப்படும்வரை மக்களைக் கடனால் கட்டியது. உமணர் அச்சைச் சுமந்தனர். இவர்களோ தம் கடனைச் சுமந்து வழிநடந்தனர்.

துயரம் அத்தோடு முடியவில்லை. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தந்தையோ பாட்டனோ அந்நாட்டில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. 1949ஆம் ஆண்டின் சட்டம், மணமானவர்க்கு ஏழாண்டு, பிறர்க்குப் பத்தாண்டு இடையறாது வாழ்ந்ததற்குச் சான்று கேட்டது. காடு வெட்டித் தோட்டம் அமைத்தவர்களின் வழித்தோன்றல்கள் காட்டுவதற்குத் தாள் இல்லாததால் நாடற்றவராயினர். 1964இல் இரு நாடுகளும் செய்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. 2003ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பின்னரே எஞ்சியோர் பலருக்கு வழி பிறந்தது.

பயணப் பட்டியலில் அடையாள அட்டை இன்று முதலிடம் பெற்றிருப்பது எளிதில் கடந்துவிடக் கூடிய செய்தி அன்று. யாழைக் கண்டதும் சோறு இட்ட சமூகத்திலிருந்து, தாளைக் கண்ட பின்னரே மனிதரை ஏற்கும் உலகுக்கு நாம் நெடுந்தொலைவு வந்திருக்கிறோம். உதிரிச் சக்கரத்தையும் புளிச்சோற்றையும் நாம் இன்றும் மறப்பதில்லை. எதிரே வருபவனுக்கென்று குழாயில் இருந்த அந்தப் பங்கைத்தான் எந்த ஊரிலோ இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறோம்.