பவுல் எழுதிய நன்றிப் பட்டியல்

பைபிளில் நான் அதிகம் தாண்டிப்போன அதிகாரம் ரோமர் 16. சின்ன வயதில் ஊரில் குடும்ப ஜெபத்தின்போது முறை வைத்து வாசிப்போம். இந்த அதிகாரம் என் முறையில் வந்துவிட்டால் போச்சு. வாயில் நுழையாத பெயர்கள் வரிசையாக வரும். திரிபேனாள், திரிபோசாள் என்று நான் திக்க, தங்கை சிரிக்க, அப்பா முறைப்பார்.

புனேக்கு வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. போன மாதம்தான் அதை ஒழுங்காக உட்கார்ந்து வாசித்தேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கொஞ்சம் சரித்திரம்.

பவுல் இந்தக் கடிதத்தை கி.பி. 57 வாக்கில் கொரிந்து பட்டணத்திலிருந்து எழுதினார் என்பது ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்கும் கணக்கு. அதுவரை அவர் ரோமுக்குப் போனதே இல்லை. ஆனாலும் அங்கே இருக்கும் 24 பேரைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். பெயர் சொல்லாமல் ஒருவருடைய தாயையும் இன்னொருவருடைய சகோதரியையும் சேர்த்துக்கொள்கிறார். போகாத ஊரில் இத்தனை பேரை எப்படித் தெரியும்? அவர்களில் பலர் ஊர் விட்டு ஊர் போனவர்கள். நம்மைப் போல :-)

பட்டியலில் முதலில் வரும் பிரிஸ்கில்லாள் – ஆக்கில்லா தம்பதியையே பாருங்கள். ஆக்கில்லா பிறந்தது கருங்கடல் கரையில் உள்ள பொந்து தேசத்தில். பிழைக்கப் போனது ரோமுக்கு. கி.பி. 49 வாக்கில் கிலவுதியு ராயன் யூதர்களை ரோமை விட்டுப் போகச் சொன்னான். ரோம வரலாற்றாசிரியர் சூட்டோனியஸும் இதை எழுதியிருக்கிறார். மூட்டை கட்டிக்கொண்டு இருவரும் கொரிந்துக்கு வந்தார்கள். கொஞ்ச நாளில் பவுலும் அங்கே வந்தார், கையில் பெரிதாக ஒன்றும் இல்லாமல். அவருக்கும் இவர்களுக்கும் ஒரே தொழில், கூடாரம் செய்வது. வீட்டில் தங்க இடமும், செய்ய வேலையும் கொடுத்தார்கள். தெல்பியில் கிடைத்த ஒரு கல்வெட்டில் கல்லியோன் என்ற அதிபதியின் பெயர் இருப்பதால், பவுல் கொரிந்தில் இருந்த காலத்தை கி.பி. 51-ஐ ஒட்டி என்று ஓரளவு உறுதியாகவே சொல்ல முடிகிறது.

பிறகு மூவரும் எபேசுக்குப் போனார்கள். அங்கே இவர்கள் வீட்டில் சபை கூடியது. கிலவுதியு 54-ல் செத்தபின் ரோமுக்குத் திரும்பியிருக்க வேண்டும். அங்கேயும் இவர்கள் வீட்டில் சபை. இப்படி மூன்று பட்டணம். கோயில் கட்டடம் எதுவும் இல்லாத அந்தக் காலத்தில், சபை என்றால் யாரோ ஒருவர் வீட்டின் முன்னறைதான்.

பவுலின் கடிதங்களில் நன்றிக்குக் குறைவே இல்லை. ஆனால் வழக்கமாக, உங்களுக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன் என்றுதான் எழுதுவார். இந்தத் தம்பதியைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் நன்றியை நேராக இவர்களுக்கே செலுத்துகிறார். தன் உயிருக்காக இவர்கள் தங்கள் கழுத்தையே கொடுக்கத் துணிந்தார்கள் என்கிறார். தான் மட்டுமல்ல, புறஜாதியார் சபைகள் எல்லாமே கடன்பட்டிருக்கின்றன என்கிறார்.

மற்றவர்களையும் வெறும் பெயரோடு விடவில்லை. மரியாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள் ஆகிய நான்கு பெண்களும் பாடுபட்டு உழைத்தவர்கள் என்று எழுதுகிறார். தன் சொந்த உழைப்பைச் சொல்லவும் அவர் இதே கிரேக்கச் சொல்லைத்தான் பயன்படுத்துவார். ரூபுவின் தாய் தனக்கும் தாய் என்கிறார். அந்த அம்மா எந்த ஊரில் எத்தனை வேளை சோறு போட்டாரோ! பட்டியலில் உள்ள பல பெயர்கள் அன்று அடிமைகளுக்கும் விடுதலை பெற்ற அடிமைகளுக்கும் வைக்கப்பட்டவை. கடிதத்தைக் கையால் எழுதிய தெர்தியு என்பவருக்கும் நடுவில் தன் வாழ்த்தைச் சொல்ல இடம் கிடைக்கிறது.

இன்னொன்று. அந்தக் காலத்தில் கடிதத்தைச் சபை கூடும்போது உரக்க வாசிப்பார்கள். அதாவது, எல்லார் காதிலும் விழும்படி, பெயர் சொல்லி, செய்ததைச் சொல்லி நன்றி.

இனி என் கதை. 1997-ல் முதல் வேலைக்காக புனேயில் வந்து இறங்கியபோது, கிர்க்கியில் நம்ம ஊர் அண்ணாச்சி ஒருவர் வீட்டில்தான் தங்கினேன். இரண்டு அறை வீடு. அவர்களே நாலு பேர். ஒன்றரை மாதம் சாப்பாடும் பாயும் தந்தார்கள், ஒரு ரூபாய் வாங்கவில்லை. ஞாயிறு மாலை அதே முன்னறையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி ஜெபிப்போம். அதுதான் வளர்ந்து இன்றைய எங்கள் தமிழ்ச் சபை ஆனது.

போன மாதம் சபையின் ஆண்டுவிழா. நன்றியுரை என் பொறுப்பு. போதகர்கள், கமிட்டி, கட்டட நன்கொடையாளர்கள், சவுண்ட் சர்வீஸ்காரர் வரை நன்றி சொன்னேன். அண்ணாச்சி இறந்து சில வருடங்கள் ஆகின்றன. அக்கா பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. வேண்டுமென்று விடவில்லை, நினைவுக்கே வரவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது அக்கா பக்கத்தில் வந்து, "நல்லா பேசினீங்க தம்பி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

அன்று ராத்திரிதான் ரோமர் 16-ஐ எடுத்து வைத்து வாசித்தேன்.

அடுத்த ஞாயிறு மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். மன்னிப்பும் நன்றியும் சேர்த்தே சொன்னேன். "அதுக்கென்ன தம்பி, எத்தனையோ பிள்ளைங்க வந்தாங்க, இருந்தாங்க" என்று சொல்லிவிட்டு மகளுக்கு முறுக்கு எடுத்து வரப் போய்விட்டார்.

வீட்டில் சொன்னது பாதிதான். எல்லார் காதிலும் விழும்படி சொல்வது பாக்கி இருக்கிறது. வரும் மாதம் ஆராதனை முடிவில் இரண்டு நிமிடம் வேண்டும் என்று போதகரிடம் கேட்டிருக்கிறேன்.

ஊர் விட்டு வந்த நம் எல்லோருக்கும் முதலில் பாய் விரித்துத் தந்த வீடு ஒன்று இருக்கும். உங்களுக்கு அது எந்த வீடு? அவர்களிடம் சொல்லிவிட்டீர்களா?