நீலகிரி மட்டக்குதிரைகளின் கால்நோய் வரலாறு

தோள் உயரம் ஏறத்தாழ 147 செ.மீ.க்கு உட்பட்ட குதிரையை மட்டக்குதிரை என்பர். நீலகிரி மலையில் சவாரிக்கும் சுமைக்கும் இரண்டு நூற்றாண்டுகளாக மட்டக்குதிரைகள் பயன்பட்டு வருகின்றன. அவற்றின் உழைப்பு பெரும்பாலும் காலில்தான் முடிகிறது. மூட்டுத் தேய்மானமும் அதனால் திரும்பத் திரும்ப வரும் நொண்டலும் உயிரைப் பறிக்கும் நோய்கள் அல்ல. ஆனால் காலைத் தாங்கித் தாங்கி நடக்கும் குதிரையால் சம்பாதித்துக் கொடுக்க முடியாது. அதன் பிறகு அதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி பழையது, இன்றும் தீராதது.

மலைப்பாதை

கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரிக்கு ஏறினார். சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் ஏறும் குதிரைப்பாதை 1821-23இல் மெக்ஃபர்சன் என்னும் இராணுவ அதிகாரியின் மேற்பார்வையில் அமைந்தது. 1830-களின் தொடக்கத்தில் குன்னூர் மலைப்பாதை திறந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் வந்தது 1899-இல்; உதகைக்கு 1908-இல். இடைப்பட்ட எண்பது ஆண்டுகளுக்கு மேல் மலைக்கு ஏறியவர்கள் மட்டக்குதிரையையும் மாட்டுவண்டியையும் பல்லக்கையும் பிற்காலத்தில் டோங்கா வண்டியையும் நம்பினர். தேயிலைத் தோட்டத்துத் துரைமார் காடு சுற்றிப் பார்க்கப் போனதும் குதிரை மீதுதான்.

ஏற்றத்தைவிட இறக்கமே குதிரையின் காலைக் கெடுக்கிறது. சமதரையில் நிற்கும் குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்கள் தாங்குகின்றன. இறக்கத்தில் இந்தப் பங்கு கூடும். சவாரி செய்பவரும் முன்பக்கம் சாய்ந்தால் சொல்லவே வேண்டாம். மண்பாதை போய்த் தார்ச்சாலை வந்ததும் ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியும் லாடத்தின் வழியே குளம்புக்கும் அதற்கு மேலுள்ள மூட்டுகளுக்கும் ஏறியது. சாலை மனிதனுக்கு வசதியாக ஆக, குதிரையின் மூட்டுக்குக் கடினமாகிப் போனது.

லாடக்காரரும் சலூத்ரியும்

தமிழ்நாட்டில் குதிரை வளர்ப்பின் குறை பற்றிப் பேசுவோர் மார்க்கோ போலோவைக் காட்டுவது வழக்கம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட அவர், ஆண்டுதோறும் கடல்வழி வந்திறங்கும் குதிரைகளில் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் இறந்துவிடுவதாகவும், காரணம் பராமரிக்கத் தெரியாமையே என்றும் எழுதினார். லாடம் அடித்துக் குதிரை வைத்தியம் பார்ப்போரை வணிகர்கள் அழைத்து வருவதில்லை, வர விடுவதும் இல்லை என்றும் சேர்த்துக்கொண்டார். குதிரை பிழைத்தால் அடுத்த ஆண்டு வியாபாரம் படுத்துவிடும் அல்லவா!

அவர் சொன்னதை முழுதாக ஏற்க வேண்டியதில்லை. குதிரை மருத்துவத்துக்கென்றே சாலிஹோத்திரரின் பெயரில் வழங்கும் நூல் மரபு இந்தியாவில் மிகப் பழையது. நகுலர் பெயரிலான அசுவ சாஸ்திரத்தைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் படங்களுடன் வெளியிட்டுள்ளது. சாலிஹோத்திரர் பெயரிலிருந்து திரிந்த 'சலூத்ரி' என்ற சொல்லால்தான் பிரிட்டிஷ் இந்தியப் படையில் நாட்டுக் குதிரை வைத்தியரை அழைத்தனர். முறையான கால்நடை மருத்துவக் கல்வி சென்னைக்கு 1903-இல் வந்தது. அவ்வாண்டு தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1936-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது.

சூடு

நொண்டும் காலுக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போடுவது நம் நாட்டு வழக்கம் மட்டுமன்று. ஐரோப்பியக் குதிரை மருத்துவரும் தசைநாண் வீக்கத்துக்கும் மூட்டு நோவுக்கும் வரிவரியாகவும் புள்ளிபுள்ளியாகவும் சூடு வைத்தனர். ஒரு நோவை உண்டாக்கினால் அங்கே இரத்த ஓட்டம் கூடிப் பழைய நோவு ஆறும் என்பது அவர்கள் கணக்கு. சூடுபட்ட குதிரைக்குப் பல வாரங்கள் ஓய்வு கொடுத்தார்கள். கால் தேறியபோது புகழ் இரும்புக்குப் போனது. உண்மையில் வேலை செய்தது ஓய்வுதான் என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் 1983-இல் வெளியிட்ட ஆய்வு, தசைநாண் காயத்துக்குச் சூட்டால் பயனில்லை என்று காட்டியது. நம் ஊரில் இன்னும் சூடு போடுவோர் இதை அறிய வேண்டும்.

நொண்டலை அறிதல்

முன்னங்காலில் வலி இருந்தால், வலிக்கும் கால் தரையில் படும்போது குதிரை தலையைத் தூக்கும். நல்ல கால் படும்போது தாழ்த்தும். பின்னங்கால் வலிக்கு இடுப்பின் ஏற்றத்தாழ்வைப் பார்க்க வேண்டும். காலையில் விறைத்து நடந்து, சற்று நடந்தபின் தேறினால் மூட்டுத் தேய்மானம் என்று ஐயுறலாம். மார்கழி, தை உறைபனிக் காலத்தில் இந்த விறைப்பு கூடுதலாகத் தெரியும். நடக்கத் தொடங்கியதும் சரியாகிவிடுகிறதே என்று சவாரிக்கு ஓட்டிச் செல்வதுதான் வழக்கமான தவறு.

எல்லா நொண்டலும் மூட்டுவாதம் ஆகாது. குளம்புச் சீழ், குளம்பழற்சி, லாட ஆணி பிசகுதல் ஆகியவற்றை முதலில் விலக்க வேண்டும். நீலகிரியில் இன்னொன்றும் உண்டு: புல். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கிக்குயு புல் இம்மலையில் பரவலாக மண்டியுள்ளது. இதிலுள்ள ஆக்சலேட்டு, குதிரையின் குடலில் சுண்ணாம்புச் சத்தைச் சேரவிடாமல் கட்டிவிடும். வேறு மேய்ச்சல் இல்லாமல் இதையே மாதக்கணக்கில் தின்னும் குதிரை தன் எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுத்துக்கொள்கிறது. முகம் வீங்கும், இன்று ஒரு கால், நாளை ஒரு கால் என்று நொண்டும். தவிட்டில் பாஸ்பரசு மிகுதி. ஆகவே வெறும் தவிட்டை அள்ளிப் போடுவது நிலைமையை மோசமாக்கும். சுண்ணாம்புச் சத்து மிக்க குதிரை மசாலும், மருத்துவர் சொல்லும் தாதுக் கலவையும் உதவும். அந்தத் தீவனத்துக்குக் குதிரை மசால் என்று பெயர் வைத்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள்.

மூட்டுத் தேய்மானம் உறுதியானால் அதை மாற்ற வழியில்லை; தாமதப்படுத்தலாம். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை குளம்பைச் சீவிச் சமன் செய்தல், உடல் எடையைக் குறைவாக வைத்தல், ஈரமற்ற லாயம், கட்டிப் போடாமல் மெல்ல நடக்க விடுதல் ஆகியவையே அடிப்படை. சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது. 250 கிலோ மட்டக்குதிரைக்கு அது 50 கிலோ. வளர்ந்த ஆள் ஒருவர் ஏறினாலே கணக்கு தப்பிவிடும். 1965-ஆம் ஆண்டின் சுமை விலங்கு விதிகளோ மட்டக்குதிரைக்கு 70 கிலோ வரை அனுமதிக்கின்றன.

வலி மருந்தும் பாறுகளும்

வலிமருந்தைத் தேர்வதில் நீலகிரிக்காரருக்குத் தனிக் கடமை உண்டு. சீகூர் பீடபூமியும் மாயாறு பள்ளத்தாக்கும் தென்னிந்தியாவில் பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகுகள் எஞ்சியுள்ள சில இடங்களில் அடங்கும். டைக்ளோஃபெனாக் ஏற்றப்பட்ட கால்நடையின் சடலத்தைத் தின்ற பாறுகள் சிறுநீரகம் பழுதாகிச் சாகின்றன என்பது 2004-இல் பாகிஸ்தானில் நடந்த ஆய்வால் தெரிந்தது. இந்தியாவில் அம்மருந்தின் கால்நடைப் பயன்பாடு 2006-இலும், கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் ஆகியவற்றின் பயன்பாடு 2023-இலும் தடை செய்யப்பட்டன. மெலாக்சிகம் பாறுகளுக்குத் தீங்கற்றது எனச் சோதனையில் தெரிந்த மருந்து. மனிதருக்கான ஊசியை மருந்துக்கடையில் வாங்கிக் குதிரைக்குப் போடுபவர் இதை நினைப்பதில்லை. கிடப்பது மாடா மட்டக்குதிரையா, கடைசி வாரம் அதற்கு என்ன ஊசி போட்டார்கள் என்று பாறு விசாரித்துவிட்டா தின்னும்?

வேலை முடிந்த குதிரை

ரயிலும் மோட்டாரும் வந்தபின் மட்டக்குதிரைக்கு எஞ்சியது சுற்றுலாச் சவாரி. உதகை ஏரிக்கரையிலும் மைதான ஓரங்களிலும் நடக்கும் இச்சவாரியின் வருமானம் ஏப்ரல், மே மாதங்களில் குவிந்துவிடுகிறது. எஞ்சிய மாதங்களில் தீவனச் செலவு உரிமையாளர் தலையில். அவரும் பெரும்பாலும் வசதியற்றவரே. ஆகவே நொண்டும் குதிரையை இரவோடு இரவாகச் சாலையில் விட்டுவிடுவது நடக்கிறது. அவை குப்பையில் நெகிழி தின்றும், வண்டியில் அடிபட்டும் திரிகின்றன. அத்தகைய சிலவற்றை மசினகுடி அருகே 'இந்தியா ப்ராஜெக்ட் ஃபார் அனிமல்ஸ் அண்ட் நேச்சர்' என்ற அமைப்பின் காப்பகம் ஏற்றுப் பராமரித்து வருகிறது.

நோயோ முதுமையோ காரணமாக வேலைக்குத் தகாத விலங்கை வேலை வாங்குவதும், பசியாலோ தாகத்தாலோ வாடும் நிலையில் அதைக் கைவிடுவதும் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அச்சட்டம் விதித்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை.