விரலின் வழியே வளர்ந்த பாஞ்சோ

பாஞ்சோ என்னும் நரம்புக் கருவியை வாங்க விரும்புவோர் முதலில் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றுண்டு: எம்முறையில் மீட்டப் போகிறோம்? நரம்பு நான்கா ஐந்தா, பின்புறம் திறந்ததா மூடியதா என்பனவெல்லாம் அதற்குரிய விடையைப் பொறுத்தவை. ஒரே பெயர் பூண்ட கருவிக்கு இத்தனை வடிவங்கள் ஏன் வந்தன என்பதை ஆராயுங்கால், மறைக்கப்பட்ட ஓர் உரிமையும் வெளிப்படுகிறது.

பாஞ்சோவின் ஐந்தாம் நரம்பு கழுத்தின் இடையே தொடங்கும் குட்டை நரம்பாகும். வர்ஜீனியாவைச் சேர்ந்த ஜோயல் ஸ்வீனி என்னும் வெள்ளையரே அதனைப் புதிதாகச் சேர்த்தார் என்று நெடுங்காலம் எழுதி வந்தனர். இக்கூற்றுப் பொருந்தாது. 1687-இல் ஜமைக்கா சென்ற ஹான்ஸ் ஸ்லோன், ஆங்கிருந்த ஆப்பிரிக்க அடிமைகளின் சுரைக்குடுக்கைக் கருவிகளை 1707-இல் வெளியிட்ட தம் நூலில் படத்துடன் குறித்தார். தென் கரோலினாவில் 1785–1790 அளவில் தீட்டப்பெற்ற 'பழைய தோட்டம்' என்னும் ஓவியத்தில், அடிமை ஒருவர் மீட்டும் கருவியில் மூன்று நெடு நரம்புகளோடு ஒரு குட்டை நரம்பும் காணப்படுகிறது. ஸ்வீனி பிறந்ததோ 1810 அளவில்!

குட்டை நரம்பு பெருவிரலுக்கு உரியது. ஏனைய நரம்புகளை நகத்தின் புறத்தால் கீழ்நோக்கித் தட்ட, பெருவிரல் இடையிடையே ஒரே சுரத்தை ஒலிக்கும். செனகல், காம்பியா நாடுகளில் ஜோலா மக்கள் மீட்டும் அக்கோந்திங் என்னும் கருவியிலும் இம்முறை இன்றும் உண்டு.

பின்னர்க் கை மாற மாறக் கருவியும் மாறியது. 1840-களில் பால்டிமோர் நகரத்து முரசு செய்வோரான வில்லியம் பூச்சர், சுரைக்குடுக்கைக்கு மாறாக மரவளையத்தில் தோலைத் திருகாணிகளால் இறுக்கிப் பாஞ்சோ செய்து விற்றார். கிதார் போல விரலால் மீட்டும் முறை பரவிய பின் கழுத்தில் மெட்டுகள் பதிப்பது வழக்கமாயிற்று. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நடன இசைக் குழுவினர் சிறு தகட்டால் எல்லா நரம்புகளையும் ஒருங்கே மீட்டினர். அம்முறைக்குக் குட்டை நரம்பு இடையூறு. ஆதலின் அது நீக்கப்பெற்று நான்கு தந்திப் பாஞ்சோ தோன்றியது. பெருங்குழுவில் ஒலி எடுபட, பின்புறத்தில் ஒலியை முன்னோக்கித் திருப்பும் மூடியும் சேர்ந்தது.

1945-இல் பில் மன்றோவின் குழுவிற் சேர்ந்த ஏர்ல் ஸ்க்ரக்ஸ், மூன்று விரல்களால் விரைந்து மீட்டிப் புகழ்பெற்றார். அவர் கையில் ஐந்து தந்தியும் பின்மூடியும் ஒன்றாயின. பாடகர் பீட் சீகரோ, தம் குரலுக்கேற்பத் தாழ்ந்த சுருதியில் பாடும்பொருட்டுக் கழுத்தை மூன்று மெட்டு அளவு நீட்டிக்கொண்டார். அயர்லாந்தின் பார்னி மக்கென்னா நான்கு தந்திப் பாஞ்சோவைப் பிடிலுக்கு ஒரு தாயி கீழாகச் சுருதி கூட்டி, பிடில் மெட்டுகளை அதில் வாசித்தார்.

ஆகவே, நகத்தால் தட்டி மீட்டுவோர்க்குப் பின்புறம் திறந்த கருவியின் மென்மையான ஒலி ஏற்றது. மூன்று விரல் முறையினர்க்குப் பின்மூடி வேண்டும். தகட்டால் மீட்டுவோர்க்கு நான்கு தந்தி போதும். கைக்கேற்பக் கருவியைத் திருத்துவதே பாஞ்சோவின் மரபு. அம்மரபைத் தொடங்கியோர் பெயரற்ற அடிமைகள். அவர்தம் பெயரை வரலாறு எழுதிவைக்கவில்லை. ஆயினும் பெருவிரல் குட்டை நரம்பைத் தொடுந்தோறும் அவர்தம் கலை ஒலிக்கின்றது.