மதிலுக்கு வெளியே நிற்கும் தொழிலாளர்: திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளாட்சித் தூய்மைப் பணியும் தடுக்கக்கூடிய மரணங்களும்

2023 மே மாதத் தொடக்கத்தில் திருவள்ளூர் மாவட்டம் மீஞ்சூரில், ஒரு தனியார் பள்ளியின் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய அழைக்கப்பட்ட இருவர் நச்சுவாயு தாக்கி இறந்தனர். இருவரும் மீஞ்சூர் பேரூராட்சியில் தூய்மைப் பணி செய்துவந்தவர்கள். ஓராண்டு கழித்து, 2024 மே மாதத்தில், அதே மாவட்டத்தின் ஆவடியில் பாதாளச் சாக்கடை அடைப்பை நீக்கும் பணியில் மாநகராட்சியின் ஒப்பந்தப் பணியாளர் ஒருவர் உயிரிழந்தார்.

முதல் நிகழ்வில் இறந்தவர்கள் உள்ளாட்சியின் பணியாளர்கள். ஆனால் இறந்த இடம் உள்ளாட்சியின் பணியிடம் அன்று. இரண்டாவது நிகழ்வில் பணி உள்ளாட்சியினுடையது. ஆனால் பணியாளர் ஒப்பந்தத்தின் வழியாக வந்தவர். ஒன்றில் ‘இது எங்கள் வேலை இல்லை’ என்றும், மற்றொன்றில் ‘இவர் எங்கள் நேரடிப் பணியாளர் இல்லை’ என்றும் விலகிக்கொள்ள நிர்வாகத்துக்கு வழி இருக்கிறது. உள்ளாட்சித் தூய்மைப் பணியாளரின் பாதுகாப்பு குறித்த விவாதங்கள் பெரும்பாலும் கையுறை, முகக்கவசம், காலணி என்ற அளவிலேயே நின்றுவிடுகின்றன. அதற்கு முந்தைய கேள்வி, ‘இவர் யாருடைய பணியாளர்?’ என்பதாகும். அக்கேள்விக்கு எழுத்தில் விடை இல்லாதவரை எந்தக் கருவியும் உயிரைக் காக்காது.

மதிலின் இரு புறங்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை, தேர்வாய் கண்டிகை சிப்காட், சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலை ஆகியவற்றைச் சுற்றியே இப்பகுதியின் பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் அமைந்துள்ளன. உருக்காலைகள், உலோக மறுசுழற்சிக் கூடங்கள், வேதிப்பொருள் ஆலைகள் ஆகியவற்றின் மதிலுக்குள் பணிபுரிபவருக்குத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் என்ற தனிக் கண்காணிப்புத் துறை உண்டு. அது போதிய அளவில் செயல்படுகிறதா என்பது வேறு விவாதம். சட்டத்தின் பார்வையிலாவது அத்தொழிலாளர் இருக்கிறார்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், நச்சுவாயு இருக்கக்கூடிய தொட்டி, குழி, குழாய் ஆகியவற்றுக்குள் மனிதர் இறங்குவதைத் தன் 36ஆம் பிரிவில் கட்டுப்படுத்தியது. வாயுவை அகற்ற இயன்ற அனைத்தும் செய்யப்பட வேண்டும். தகுதி பெற்ற ஒருவர் சோதித்து எழுத்துமூலம் சான்று தரவேண்டும். அல்லது இறங்குபவர் சுவாசக் கருவியும் இடுப்புப் பட்டையும் அணிந்து, கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். அச்சட்டம் 2025 நவம்பரில் புதிய தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் இணைக்கப்பட்டது.

ஆலைக் குழியில் உருவாகும் வாயுவும் ஊர்ச் சாக்கடையில் உருவாகும் வாயுவும் ஒன்றே. எனினும், சாக்கடைக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் இதற்கு நிகரான சட்டத் தடை வருவதற்கு 2013ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட அறுபத்தைந்து ஆண்டுகளைத் தொழில்நுட்ப அறியாமையால் விளக்க முடியாது. எது ஆபத்து என்று அரசுக்குத் தெரிந்திருந்தது. யாருக்கு ஆபத்து என்பதே வேறுபாட்டை உண்டாக்கியது. ஒன்றிய அரசின் ‘நமஸ்தே’ திட்டத்தின்கீழ் 2024 வரை கணக்கெடுக்கப்பட்ட சுமார் 38,000 சாக்கடை, கழிவுநீர்த் தொட்டிப் பணியாளர்களில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். பழங்குடியினரையும் பிற்படுத்தப்பட்டோரையும் சேர்த்தால் அது 90 விழுக்காட்டைக் கடக்கிறது. 1993 முதல் நாட்டில் பதிவான மலக்குழி மரணங்களின் மாநிலவாரிப் பட்டியலில் இருநூறுக்கும் மேற்பட்ட மரணங்களுடன் தமிழ்நாடு முதலிடத்தில் உள்ளது.

வாயு எவ்வாறு கொல்கிறது

மூடிய தொட்டியில் கழிவு அழுகும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீத்தேன், கரியமில வாயு ஆகியவை உருவாகின்றன. ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது. ஆகவே குழியின் அடியில் தங்குகிறது. குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். பத்து இலட்சம் பங்கு காற்றில் 100 பங்கு என்ற அளவை நெருங்கும்போது மோப்ப உணர்வு மரத்துப்போகிறது. நாற்றம் நின்றுவிட்டது என்று இறங்குபவர் கருதும் வேளையே மிக ஆபத்தான வேளையாகிறது. 500 பங்கைத் தாண்டினால் சில நிமிடங்களில் மயக்கம். 1,000 பங்கை எட்டினால் ஓரிரு மூச்சிலேயே வீழ்ச்சி. மேற்பரப்புக் கசடைக் கிளறும்போது, அதுவரை அடங்கியிருந்த வாயு ஒரே நேரத்தில் வெளிப்படுகிறது. மூடியைத் திறந்து வைத்துவிட்டோம், தீக்குச்சி கொளுத்திப் பார்த்தோம் என்பவை சோதனைகள் அல்ல. மீத்தேன் காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருந்தால் தீக்குச்சியே வெடிப்புக்குக் காரணமாகும். ஹைட்ரஜன் சல்ஃபைடு, எரியக்கூடிய வாயுக்கள், கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜன் ஆகிய நான்கையும் அளக்கும் கருவி ஒன்றே நம்பத்தக்க சோதனை. ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் குறைந்தால் அவ்விடம் மனிதர் நுழையத் தக்கதன்று.

துணியாலான முகக்கவசமோ, மருத்துவமனைகளில் அணியும் முகக்கவசமோ இவ்வாயுக்களைத் தடுக்காது. மயங்கியவரைக் காப்பாற்ற உடனே குதிப்பவரும் அதே வாயுவைத்தான் சுவாசிக்கிறார். மூடிய இடங்களில் நிகழும் மரணங்களில் 60 விழுக்காட்டுக்கு மேல் மீட்கச் சென்றவர்களுடையவை என்று அமெரிக்கத் தேசியத் தொழிற்பாதுகாப்பு நிறுவனம் 1986இல் எச்சரித்தது. ஒரே குழியில் தந்தையும் மகனும், அண்ணனும் தம்பியும் இறந்த செய்திகளை நாம் மீண்டும் மீண்டும் படிப்பதற்குக் காரணம் இதுவே.

கையுறைக்கு முன் வரவேண்டியவை

தொழிற்பாதுகாப்புத் துறை உலகெங்கும் ஏற்றுக்கொண்ட ஒரு வரிசை உண்டு. முதலில் ஆபத்தையே நீக்கு. இயலாவிடில் மாற்று முறையைக் கொண்டுவா. அடுத்து மனிதருக்கும் ஆபத்துக்கும் இடையே பொறியியல் தடுப்பை வை. பின் பணிமுறையை ஒழுங்கு செய். எல்லாவற்றுக்கும் கடைசியாகவே தற்காப்புக் கருவி. தூய்மைப் பணியில் இவ்வரிசை தலைகீழாகிவிட்டது. கடைசியில் வரவேண்டிய கையுறையே முதலாகவும் முடிவாகவும் வழங்கப்படுகிறது. அதையும் அணியவில்லை என்று பழி பணியாளர்மீதே விழுகிறது.

முதல் படி, மனிதர் குழிக்குள் இறங்கும் தேவையே இல்லாமல் செய்வதாகும். கழிவுநீர் உறிஞ்சும் லாரி, உயர் அழுத்த நீர்பீய்ச்சும் இயந்திரம் ஆகியவை புதியன அல்ல. ஐதராபாத் பெருநகரக் குடிநீர் வாரியம் 2017இல் குறுகிய தெருக்களுக்குள் செல்லக்கூடிய 70 சிறிய இயந்திர ஊர்திகளை, தலித் தொழில்முனைவோர் அமைப்பின் பங்கேற்புடன் களமிறக்கியது. தெரு குறுகலானது, இயந்திரம் நுழையாது என்ற வாதத்துக்கு அது நடைமுறை விடையானது. இயந்திரம் வந்தால் அதன் உடைமை யாருக்கு என்ற கேள்விக்கும் ஒரு விடையைக் காட்டியது. தமிழ்நாட்டில் கழிவுநீர்த் தொட்டிகளை இயந்திரம் மூலம் சுத்தம் செய்யக் கோருவதற்கு 14420 என்ற உதவி எண் உள்ளது. ஒரு வீட்டுக்காரரோ பள்ளி நிர்வாகமோ அந்த எண்ணை அழைக்காமல், தெருவில் குப்பை அள்ளுபவரைக் கைகாட்டி அழைப்பது செலவுக் கணக்கால் மட்டும் நிகழ்வதில்லை. இந்த வேலைக்கு யாரை அழைக்கலாம் என்பதைச் சாதி முன்னரே சொல்லிவைத்திருக்கிறது.

சட்டம் யாரைப் பொறுப்பாக்குகிறது

கையால் மலம் அள்ளுவோர் பணியமர்த்தல் தடை மற்றும் மறுவாழ்வுச் சட்டம், 2013 இதில் தெளிவாக உள்ளது. அதன் 7ஆம் பிரிவு, எந்தத் தனிநபரும், உள்ளாட்சி அமைப்பும், முகமையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஒருவரை ஆபத்தான சாக்கடை, கழிவுநீர்த் தொட்டிச் சுத்திகரிப்பில் ஈடுபடுத்துவதைத் தடை செய்கிறது. ‘மறைமுகமாக’ என்ற சொல் ஒப்பந்ததாரருக்குப் பின்னால் நிற்பவரையும் சுட்டுவது. முதல்முறைக் குற்றத்துக்கு 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் 5 ஆண்டு, 5 இலட்சம் ரூபாய் வரை. இக்குற்றங்கள் பிணையில் விடமுடியாதவை. நவீனக் கருவிகளைப் பயன்படுத்துவதை 33ஆம் பிரிவு உள்ளாட்சியின் கடமையாக்குகிறது.

அச்சட்டத்தின் விதிகள்படி, தவிர்க்கவே இயலாத சூழலில் ஒருவர் பாதுகாப்புக் கருவிகளுடன் இறங்குவதானாலும், உள்ளாட்சியின் தலைமை நிர்வாக அலுவலர் காரணத்தைப் பதிவு செய்து எழுத்துமூலம் அனுமதி தந்திருக்க வேண்டும். மேற்பார்வையாளர் உட்படக் குறைந்தது மூவர் அங்கிருக்க வேண்டும். பணியாளருக்குக் குறைந்தது 10 இலட்சம் ரூபாய் காப்பீடு இருக்க வேண்டும். மேஸ்திரியின் வாய்மொழி உத்தரவு இவற்றில் எதற்கும் ஈடாகாது.

உச்ச நீதிமன்றம் 2014 மார்ச் 27 அன்று சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் வழக்கில், 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 இலட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. நிரந்தர உடல்முடக்கத்துக்கு 20 இலட்சத்துக்குக் குறையாமலும், பிற உடற்குறைபாடுகளுக்கு 10 இலட்சத்துக்குக் குறையாமலும் வழங்கப்பட வேண்டும். ஒப்பந்ததாரர் தவறினால் ஒப்பந்தத்தை உடனே இரத்து செய்யவும் பண இழப்பைச் சுமத்தவும் வழிகாட்டு நெறிகள் வகுக்குமாறும் அத்தீர்ப்பு பணித்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள 3(1)(ஜே) உட்பிரிவு, பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ கையால் மலம் அள்ளும் பணியில் அமர்த்துவதையும் அனுமதிப்பதையும் வன்கொடுமையாக வரையறுக்கிறது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் களம் வேறாக இருக்கிறது. 2022, 2023ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த 54 மரணங்களை ஒன்றிய அரசின் சமூகத் தணிக்கை ஆய்வு செய்தது. 49 பேரிடம் எந்தப் பாதுகாப்புக் கருவியும் இல்லை. 38 பேர் தனித்தனியாகப் பேசி அமர்த்தப்பட்டவர்கள். அரசு ஊதியப் பட்டியலில் இருந்தவர்கள் ஐவர் மட்டுமே. மரணம் நிகழும் இடத்தில் வேலையளிப்பவர் காகிதத்தில் இல்லாமல் போகிறார் என்பதையே இவ்வெண்கள் காட்டுகின்றன. குறைந்த ஊதியமும் நிலையற்ற ஒப்பந்தமும் ஒருவரை மாலை நேரத்தில் தனியார் தொட்டிக்குள் தள்ளும்போது, காலைப் பணியின் ஊதிய விகிதமும் ஒரு பாதுகாப்புப் பிரச்சினையாகிறது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்துப் போராடியதை இக்கோணத்திலும் வாசிக்க வேண்டும்.

செய்தியாகாத காயங்கள்

மலக்குழி மரணம் ஒரு நாளேனும் செய்தியாகிறது. குப்பையைப் பிரிக்கும்போது கையில் ஏறும் ஊசியும் கண்ணாடித் துண்டும், நிறைந்த தொட்டியைத் தூக்கி முறியும் இடுப்பும், நெடுஞ்சாலையோரம் விடியற்காலையில் பெருக்குகையில் மோதும் வாகனமும் பதிவேட்டில்கூட ஏறுவதில்லை. தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர்களில், வீட்டுக் குப்பையோடு ஆலைக் கழிவும் கொட்டப்பட்டால், தான் எதைத் தொடுகிறோம் என்பதே பணியாளருக்குத் தெரியாது.

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சீருடை, ஒளிரும் மேலங்கி, கையுறை, மழையங்கி, காலணி, முகக்கவசம் ஆகியவை பணியாளருக்குக் கிடைப்பதை உறுதிசெய்வதை உள்ளாட்சியின் பொறுப்பாக்கின. இவற்றோடு டெட்டனஸ், ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி, கை கழுவ நீரும் சோப்பும், பெண் பணியாளருக்குக் கழிப்பறை, கோடையில் நண்பகலுக்கு முன் பணி முடியும் நேர ஒழுங்கு ஆகியவை சேரவேண்டும். பிளீச்சிங் பவுடரை அமிலத்தோடு கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும் என்பதைப் பயிற்சியில் சொல்லித்தர வேண்டும். ஊசி குத்தியவர் உடனே காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுக் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் காட்டிப் பதிவு பெற வேண்டும். பதிவு இல்லாத காயத்துக்கு இழப்பீடு இல்லை.

செயற்பாட்டாளர்களும் மாணவர்களும் செய்யக்கூடியவை

விபத்துக்கு முன்: தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உங்கள் உள்ளாட்சியிடம் கேளுங்கள். நிரந்தரப் பணியாளர் எத்தனை பேர், ஒப்பந்தப் பணியாளர் எத்தனை பேர்? அவர்களுக்கான வருங்கால வைப்பு நிதியும் ஈ.எஸ்.ஐ. தொகையும் எந்த மாதம் வரை செலுத்தப்பட்டுள்ளன? வாயு அளக்கும் கருவி இருக்கிறதா? விபத்துப் பதிவேட்டின் நகல் எங்கே? 2013 சட்டத்தின்கீழ் அமைய வேண்டிய மாவட்டக் கண்காணிப்புக் குழு கடைசியாக எப்போது கூடியது? முப்பது நாட்களில் விடை தரவேண்டிய கேள்விகள் இவை. விடை வராமையும் ஓர் ஆவணமே.

விபத்து நேரத்தில்: யாரும் குழிக்குள் இறங்கக் கூடாது, இறங்க விடவும் கூடாது. 108, 112 எண்களுக்கும் தீயணைப்பு மீட்புப் பணிக்கும் அழைத்து, நச்சுவாயு என்பதைச் சொல்ல வேண்டும்.

விபத்துக்குப் பின்: முதல் தகவல் அறிக்கையில் 2013 சட்டத்தின் 7, 9ஆம் பிரிவுகளும், பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருப்பின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இடம்பெற்றுள்ளனவா என்று பாருங்கள். 2013 சட்டத்தின்கீழ் புகாருக்கு மூன்று மாதக் கெடு உண்டு என்பதால் காலம் தாழ்த்தக் கூடாது. வன்கொடுமைப் புகாருக்கான தேசிய உதவி எண் 14566. முப்பது இலட்சம் இழப்பீட்டுக்கான மனுவை மாவட்ட ஆட்சியரிடம் எழுத்துமூலம் அளித்து ஒப்புகை பெறுங்கள். இடைத்தரகர் மூலம் வரும் சிறு தொகைக்காக வெற்றுத்தாளில் கையொப்பமிட வேண்டாம் என்று குடும்பத்தாருக்கு உடனிருந்து சொல்லுங்கள்.

ஆலை மதிலுக்குள் எழுத்துச் சான்றோ, சுவாசக் கருவியும் கயிறுமோ இல்லாமல் எவரும் குழியில் இறங்கக் கூடாது என்று 1948இல் சட்டம் எழுதியது. மதிலுக்கு வெளியே தெருவைப் பெருக்குபவருக்கும் அதே சான்றும், அதே கயிறும், கயிற்றைப் பிடித்து நிற்கும் பொறுப்பாளரும் வேண்டும். மீஞ்சூரிலும் ஆவடியிலும் இறந்தவர்களுக்காக நாம் கேட்பது இரக்கத்தை அன்று. அவர்களை வேலைக்கு அமர்த்தியவரின் பெயர் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதையே.