பாரிசவாத சிகிச்சையும் சமூக ஏற்றத்தாழ்வும்: குருதிக்கட்டி கரைக்கும் மருந்தின் பரவல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவத்தின் வரலாறு நீண்டகாலமாகக் கண்டுபிடிப்பாளரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த ஆண்டில், எந்த ஆய்வுகூடத்தில், எப்பொருள் கண்டறியப்பட்டது என்பதோடு அவ்வரலாறு பெரும்பாலும் நிறைவுபெற்று விடுகின்றது. அப்பொருள் எந்நாட்டு மக்களை, அவர்களுள் எப்பிரிவினரை, எத்தனை ஆண்டுகள் கழித்துச் சென்றடைந்தது என்ற வினா அதனுள் அரிதாகவே இடம்பெறுகின்றது. பாரிசவாத நோயாளரின் மூளைக் குருதிக்குழாயை அடைத்து நிற்கும் கட்டியைக் கரைக்கும் சிகிச்சையை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இங்கு மருந்தின் பயன் நிமிடக் கணக்கிலே தேய்ந்து செல்கின்றது. ஆதலால், ஒரு சமூகம் தன் நோயாளரை எவ்வளவு விரைவாக மருந்திடம் கொண்டு சேர்க்கின்றது என்பது மருந்தின் ஆற்றலுக்கு நிகரான முக்கியத்துவத்தைப் பெறுகின்றது.

பாரிசவாதம் இருவகையாக நிகழும். குருதிக்குழாய் அடைபடுவதால் நேர்வது ஒருவகை. அது வெடித்துக் குருதி கசிவதால் நேர்வது மற்றொரு வகை. 2019ஆம் ஆண்டுக்குரிய உலகளாவிய கணிப்பீட்டின்படி அவ்வாண்டில் ஏறத்தாழ 1 கோடி 22 இலட்சம் பேர் புதிதாக இந்நோய்க்கு ஆளாயினர். அவர்களுள் ஏறத்தாழ 62 வீதத்தினர் அடைப்பு வகையினர். இந்நோயால் இறந்தோரில் 86 வீதத்தினர் உயர் வருமான நாடுகளுக்கு வெளியே வாழ்ந்தோர் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. பெருங்குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடமொன்றுக்குச் சராசரியாக 19 இலட்சம் நரம்புக் கலங்கள் அழிகின்றன என 2006இல் வெளியான கணிப்பொன்று காட்டிற்று. அடைப்பு வகையினருக்கு உயிர் காக்கும் அதே மருந்து கசிவு வகையினருக்கு உயிர்கொல்லியாகும். எனவே மருந்தேற்றுமுன் மூளையைப் படம்பிடித்துப் பார்த்தல் இன்றியமையாததாயிற்று. 1971இல் இலண்டனில் முதன்முதலாக நோயாளரிடத்துப் பயன்படுத்தப்பட்ட சி.ரி. ஸ்கான் கருவி இல்லாவிடில் இச்சிகிச்சையின் பிற்கால வரலாறே இல்லை எனலாம்.

கட்டியைக் கரைக்கும் பொருளைத் தேடிய முயற்சி அதற்கும் முற்பட்டது. 1933இல் ஐக்கிய அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரில்லெற் என்பார், ஒருவகைப் பற்றீரியா வெளியிடும் பொருள் உறைந்த குருதியைக் கரைப்பதை அவதானித்து வெளியிட்டார். ஸ்ரெப்ரோகைனேஸ் எனப் பின்னர் பெயர்பெற்ற மருந்தின் மூலம் இதுவே. பற்றீரியாவிலிருந்து பெறப்படுவதாதலின் அதன் உற்பத்திச் செலவு குறைவாயிருந்தது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் டெசிரே கொலன் முதலானோர், மனித உடலின் இழையங்களிலேயே சிறிதளவு தோன்றும் நொதியமொன்றைத் தூய்மைப்படுத்தி ஆராய்ந்தனர். அமெரிக்கக் கம்பனியான ஜெனென்ரெக் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்த செய்தி 1983இல் வெளியாயிற்று. அல்ரெப்பிளேஸ் எனும் அம்மருந்து 1987இல் மாரடைப்புக்கென ஐக்கிய அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டபோது ஒரு தடவைக்குரிய விலை ஏறத்தாழ 2,200 டொலராகும். ஸ்ரெப்ரோகைனேஸின் விலையோ அதன் ஒரு சிறு பங்கே.

இவ்விரு மருந்துகளும் மாரடைப்புச் சிகிச்சையில் எதிரெதிர் நின்றன. 1986இல் இத்தாலியில் 11,806 நோயாளரைக் கொண்டும், 1988இல் பல நாடுகளில் 17,187 நோயாளரைக் கொண்டும் நடந்த ஆய்வுகள் ஸ்ரெப்ரோகைனேஸ் உயிர்காப்பதை ஐயந்திரிபற நிறுவின. 1993இல் 41,021 நோயாளரைக் கொண்ட ஆய்வில், விலையுயர்ந்த மருந்தைப் பெற்றோருள் 6.3 வீதத்தினரும், மலிவான மருந்தைப் பெற்றோருள் 7.2 முதல் 7.4 வீதத்தினரும் முப்பது நாட்களுள் இறந்தனர். வேறுபாடு உண்மையானதே, எனினும் சிறியது. ஆகவே மாரடைப்பைப் பொறுத்தவரை வறிய நாடுகளுக்கு ஒரு மாற்றுவழி இருந்தது. செல்வந்த நாடுகளின் மருந்தை வாங்கவியலாத அரச வைத்தியசாலை, அதற்கு அண்மித்த பயனுள்ள ஒன்றைத் தன் நோயாளருக்கு வழங்க முடிந்தது.

பாரிசவாதத்தில் அம்மாற்றுவழி அடைபட்டுப் போயிற்று. 1990களின் முற்பகுதியில் ஐரோப்பாவில் இரண்டும் அவுஸ்திரேலியாவில் ஒன்றுமாக மூன்று ஆய்வுகள் ஸ்ரெப்ரோகைனேஸைப் பரீட்சித்தன. மூளைக் குருதிக்கசிவும் மரணமும் மிகுந்தமையால் மூன்றுமே இடைநடுவில் நிறுத்தப்பட்டன. இவற்றில் மாரடைப்புக்கு வழங்கப்படும் 15 இலட்சம் அலகு என்ற அளவே வழங்கப்பட்டது. ஐரோப்பிய ஆய்வுகளில் நோய் தொடங்கி 6 மணித்தியாலம் வரையும், அவுஸ்திரேலிய ஆய்வில் 4 மணித்தியாலம் வரையும் நோயாளர் சேர்க்கப்பட்டனர். அளவைக் குறைத்து, நேரத்தைச் சுருக்கிப் பார்த்திருந்தால் முடிவு வேறாயிருந்திருக்குமா என்பது நியாயமான வினாவே. ஆயின் காப்புரிமையற்ற மலிவான மருந்தொன்றுக்குப் பேராய்வு நடத்துவதில் எக்கம்பனிக்கும் இலாபமில்லை. அவ்வினா விடையின்றியே நின்றது. ஆராயப்படாத வினாக்களுக்கும் ஒரு பொருளாதார அடிப்படை உண்டு என்பதற்கு இது தக்க சான்றாகும்.

மறுபுறம், ஐக்கிய அமெரிக்க அரசின் நரம்பியல் ஆய்வு நிறுவனம் பொதுப்பணத்தைக் கொண்டு 624 நோயாளரிடத்து அல்ரெப்பிளேஸைப் பரீட்சித்தது. நோய் தொடங்கி 3 மணித்தியாலத்துக்குள், நிறைக்கேற்ப கிலோ ஒன்றுக்கு 0.9 மில்லிகிராம் என்ற அளவில் மருந்து வழங்கப்பட்டது. 1995 டிசம்பரில் முடிவுகள் வெளியாயின. மருந்தைப் பெற்றோர் மூன்று மாதங்களின் பின் ஊனமின்றியோ மிகச் சொற்ப ஊனத்துடனோ இருக்கும் வாய்ப்பு, பெறாதோரைவிடக் குறைந்தது 30 வீதம் அதிகமாயிருந்தது. கேடுவிளைக்கும் குருதிக்கசிவு 0.6 வீதத்திலிருந்து 6.4 வீதமாக உயர்ந்தபோதிலும் மரணம் அதிகரிக்கவில்லை. 1996இல் அனுமதி கிடைத்தது. பொதுமக்கள் பணத்தில் நிறுவப்பட்ட பயன் ஒரு தனியார் பண்டத்தின் சந்தையை விரித்தது என்ற முரண்பாட்டை நாம் இங்குக் காணலாம்.

அனுமதி கிடைத்தமையால் மருந்து மக்களை அடைந்துவிடவில்லை. 1997-98இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகர்ப்புறத்தில் 29 வைத்தியசாலைகளை ஆராய்ந்தபோது, அடைப்பு வகை நோயாளரில் 1.8 வீதத்தினரே இம்மருந்தைப் பெற்றிருந்தனர். பெற்றவருள் அரைவாசிப் பேருக்கு வழிகாட்டல் விதிகள் மீறப்பட்டிருந்தன, 15.7 வீதத்தினருக்கு மூளையில் கேடுவிளைக்கும் குருதிக்கசிவு ஏற்பட்டது. பின்னர் அந்நகரின் வைத்தியசாலைத் தொகுதியொன்றில் நடைமுறைகள் ஒழுங்குபடுத்தப்பட்டதும் இக்கசிவு 6.4 வீதத்துக்கு இறங்கியது. மருந்து மாறவில்லை, நகரும் மாறவில்லை, ஒழுங்கமைப்பே மாறியது. உலகின் மிகச் செல்வந்த நாட்டிலேயே இந்நிலையெனில், மருந்துக் குப்பியை இறக்குமதி செய்வதனால் மட்டும் சிகிச்சை வந்துவிடும் என எண்ணுவது எத்துணைப் பேதைமை என்பது வெளிப்படை.

ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் நிபந்தனையுடன் அனுமதி வழங்கியது. யப்பான் 2005இல் கிலோவுக்கு 0.6 மில்லிகிராம் என்ற குறைந்த அளவை ஏற்றது. 2008இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு நேர எல்லையை 4.5 மணித்தியாலமாக நீட்டிற்று. இக்காலத்தில் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக வைத்தியசாலை பெற்ற அனுபவம் விதந்து கூறத்தக்கது. நோயாளர் வாயிலை அடைந்ததிலிருந்து மருந்து ஏற்றப்படும் வரையான இடைநிலை நேரம் அங்கு 1998இல் 105 நிமிடமாயிருந்தது. 2011இல் அது 20 நிமிடமாயிற்று. நோயாளியை ஏற்றிவரும் அம்புலன்ஸ் முன்கூட்டியே அறிவித்தல், அவரை நேரே ஸ்கான் மேசைக்குக் கொண்டு செல்லுதல், அங்கேயே மருந்தைத் தொடங்குதல் போன்ற எளிய மாற்றங்களே இதனைச் சாதித்தன. ஆயினும் 44 ஐரோப்பிய நாடுகளைக் குறித்து 2019இல் வெளியான ஆய்வின்படி, அடைப்பு வகை நோயாளரில் சராசரியாக 7.3 வீதத்தினரே இச்சிகிச்சையைப் பெற்றனர். முன்னணி நாட்டில் இது 20.6 வீதம். ஒரே கண்டத்தினுள், ஒரே விஞ்ஞானத்தைக் கொண்டு விளைந்த இடைவெளி இது.

இடைவெளி இயற்கையின் நியதியன்று என்பதற்குப் பிரேசில் சான்றாகும். வருமான ஏற்றத்தாழ்வு மிகுந்த அந்நாட்டில் 1988ஆம் ஆண்டின் அரசியலமைப்பு சுகாதாரத்தை மக்களின் உரிமையாகவும் அரசின் கடமையாகவும் பிரகடனம் செய்தது. அதன்வழி உருவான பொதுச் சுகாதார முறைமையினுள், 2012இல் அரசு பாரிசவாத சிகிச்சை நிலையங்களுக்கான ஒழுங்குவிதிகளை வெளியிட்டு, அல்ரெப்பிளேஸின் செலவையும் ஏற்றுக்கொண்டது. கட்டியைக் குழாய்வழி நுழைந்து அகற்றும் புதிய முறையினையும் அந்நாட்டு அரச வைத்தியசாலைகள் 221 நோயாளரிடத்துப் பரீட்சித்து, அது பயனுடையதென 2020இல் நிறுவின. பிறர் கண்டதைப் பெறும் நாடாக மாத்திரமன்றி, தன் நிலைமைக்குரிய அறிவை ஆக்கும் நாடாகவும் பிரேசில் இங்குத் தோற்றமளிக்கின்றது.

விலைப் பிரச்சினை இன்னும் தீர்ந்தபாடில்லை. ஐக்கிய அமெரிக்காவில் 2005க்கும் 2014க்கும் இடையில் அல்ரெப்பிளேஸின் விலை இருமடங்குக்கும் மேலாயிற்று. உலக சுகாதார தாபனம் 2019இல்தான் பாரிசவாதத்துக்கென அதனை அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்த்தது. முதல் அனுமதிக்கும் இதற்கும் இடையே 23 ஆண்டுகள் கழிந்தன. ரெனெக்ரெப்பிளேஸ் எனும் பிந்திய மருந்து ஒரே ஊசியாக ஏற்றப்படுவது. அல்ரெப்பிளேஸைப் போன்று ஒரு மணித்தியாலம் சொட்டுச் சொட்டாக ஏற்றவேண்டியதில்லை. அது பின்தங்கியதன்று எனக் கனடாவின் ஆய்வு 2022இல் காட்டியது. 2025இல் ஐக்கிய அமெரிக்காவும் பாரிசவாதத்துக்கு அதனை அனுமதித்தது. சிறிய வைத்தியசாலையில் மருந்தை ஏற்றிப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பவேண்டிய நாடுகளுக்கு இவ்வெளிமை பெரிதும் உதவக்கூடும்.

இதுகாறும் நோக்கியவற்றிலிருந்து ஒன்று தெளிவாகின்றது. மூன்று மணித்தியாலம், நான்கரை மணித்தியாலம் என்பன உடலியல் எல்லைகளாகத் தோன்றினும், அவ்வெல்லைக்குள் யார் வந்து சேர்வார் என்பதைத் தீர்மானிப்பவை வீதிகளும், அம்புலன்ஸ்களும், ஸ்கான் கருவிகளும், இரவுக் கடமையில் இருக்கும் பயிற்றப்பட்ட ஊழியர்களுமாகும். இலவச வைத்தியத்தைப் பெருமையுடன் பேணிவரும் இலங்கையில், கட்டணமற்ற 1990 அம்புலன்ஸ் சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது. வட மாகாணத்துக்கு அது வந்தது 2018இலேயே. இரண்டாண்டுகள் என்பது நிருவாகத்துக்குக் குறுகிய காலம். பாரிசவாதத்தால் வீழ்ந்தவருக்கோ அது முற்றிலும் வேறொரு அளவையாகும். எனவே நம் நாட்டில் இச்சிகிச்சையின் நிலையை அளக்க முனைவோர், மருந்து கையிருப்பில் உண்டா என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. கொழும்பிலும், முல்லைத்தீவிலும், மலையகத் தோட்டத்திலும் வீழ்ந்த ஒருவர் எத்தனை நிமிடத்தில் ஸ்கான் மேசையை அடைகின்றார் என்பதை மாவட்டம் மாவட்டமாகப் பதிவுசெய்து வெளியிடக் கோருதல் வேண்டும். அப்பதிவிலிருந்தே நமது நாட்டுக்குரிய வரலாற்றை எழுதத் தொடங்கலாம்.