ஹார்ட் டிஸ்க் காணாமல் போவதன் வரலாறு

கணினியைப் போட்டதும் கறுப்புத் திரையில் ‘துவக்க வட்டு கிடைக்கவில்லை’ என்ற பொருளில் ஒரு வரி வந்து நின்றுவிட்டால், ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்றுதான் பெரும்பாலும் முடிவுகட்டுகிறோம். கொஞ்சம் பெரிய பழுது என்றாலே மலையிறங்க வேண்டியிருக்கும், ஜவ்வாது மலையிலுள்ள ஜமுனாமரத்தூர் போன்ற ஊரில் இந்த அவசர முடிவுக்கு விலை அதிகம். புது வட்டை மாட்டிவிட்டால் பழையதில் இருந்த பள்ளிப் பதிவேடும் பாடக் குறிப்பும் போனது போனதுதான். உண்மையில் அந்த வரி வட்டின் சாவை அறிவிப்பதில்லை. வட்டைத் தேடிப் போகும் சங்கிலியில் ஏதோ ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. அந்தக் கண்ணிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில் வந்து சேர்ந்தவை. அவற்றின் வரலாறு தெரிந்தால் பழுதைத் தேடும் வழியும் தெரியும்.

அந்த வரலாற்றின் ஒரு கட்டம் இதே ஜவ்வாது மலையில் நடந்தது. 1960களின் பிற்பகுதியில் வானியலாளர் வைணு பாப்பு காவலூரில் தொடங்கிய வானாய்வகத்தில், 1986 ஜனவரி 6 அன்று 2.3 மீட்டர் தொலைநோக்கி தொடங்கி வைக்கப்பட்டது. அக்காலத்தில் விண்மீன்களின் நிறமாலைகளை அலச அங்கே வாக்ஸ் 11/780 கணினி இருந்தது. 1977இல் வெளிவந்த அந்த வகைக் கணினி தானாக விழித்துக்கொள்ளாது. அதற்குள் இருந்த எல்எஸ்ஐ-11 என்ற சிறு கணினி முதலில் எழும். 8 அங்குல ஃப்ளாப்பியைப் படித்து, பெரிய செயலிக்கு வேண்டிய நுண்கட்டளைகளையும் துவக்க நிரலையும் ஏற்றும். அதன் பிறகுதான் பெரிய வட்டின் முறை. ஃப்ளாப்பி கெட்டிருந்தால், வட்டு எவ்வளவு நலமாக இருந்தாலும் வாக்ஸ் எழாது. ஆனால் இந்தப் படிகள் முனையத்தில் தெரிந்ததால், எங்கே நின்றது என்று இயக்குபவர் அறிந்துகொள்ள முடிந்தது.

மேசைக் கணினி இந்தப் படிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மறைத்தது. 1981இன் ஐபிஎம் பிசியில் ஹார்ட் டிஸ்க்கே கிடையாது. 1983இல் எக்ஸ்டி 10 மெகாபைட் வட்டுடன் வந்தது. அடுத்த ஆண்டு வந்த ஏடி, மாட்டியிருப்பது எந்த வகை வட்டு என்ற எண்ணை பேட்டரியால் உயிர்வாழும் சிமாஸ் நினைவகத்தில் வைத்துக்கொண்டது. பேட்டரி தீர்ந்தால் அந்த எண் மறந்துபோகும். காதில் விழும்படி சுழன்றுகொண்டிருக்கும் வட்டுகூடக் கணினிக்கு இல்லாததாகிவிடும். பின்னர் வட்டைத் தானாகக் கண்டறியும் பயாஸ் வந்தது, 2003இல் சாட்டா கேபிள் வந்தது, அதன் பின் பயாஸின் இடத்தை யூஇஎஃப்ஐ பிடித்தது. ஒவ்வொன்றும் வசதிதான். ஆனால் ஒவ்வொன்றோடும் பார்க்க வேண்டிய இடம் ஒன்று கூடியது, பார்க்கும் சாளரமோ நிறுவனத்தின் சின்னத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

வட்டுகள் நிஜமாகவே சாகின்றனவே என்று கேட்கலாம். சாகின்றன. ‘டிக் டிக்’ என்று தட்டும் வட்டை மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பது, மீட்கக்கூடிய தரவையும் கெடுத்துவிடும். அதனால்தான் முதலில் பயாஸ் திரையைப் பார்க்கச் சொல்கிறேன். அங்கே வட்டின் பெயர் தெரிந்தால் அதன் மின்சுற்று பதில் சொல்கிறது. துவக்க வரிசை, யூஇஎஃப்ஐயா பழைய முறையா என்ற அமைப்பு, துவக்க நிரல் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். தேதி பழைய ஆண்டுக்குப் போயிருந்தால் நாணய வடிவ பேட்டரியைச் சந்தேகிக்கலாம். பெயரே தெரியாவிட்டால் கேபிளைக் கழற்றி மாட்டி, வேறு கணினியில் சோதித்த பிறகே வட்டைக் கைவிடலாம். இதெல்லாம் மெக்கானிக் வேலை என்பதையும் நான் ஏற்கவில்லை. அந்தத் திரையைப் படிக்க எந்தக் கருவியும் வேண்டாம்.

வட்டு நலமாக இருந்தும் கறுப்புத் திரை வருவதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்கக் கட்டக் கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. இப்படி இரண்டு இயங்குதளம் உள்ள கணினியில் இடம் போதவில்லை என்று லினக்ஸ் பகுதியை அழித்தால், துவக்க நிரலான கிரப்பின் பெரும்பகுதியும் அதோடு போய்விடும். அடுத்த முறை போடும்போது கறுப்புத் திரைதான். விண்டோஸும் மாணவரின் கோப்புகளும் வட்டில் அப்படியே இருக்கும். விண்டோஸ் மீட்பு வட்டைப் போட்டுத் துவக்கப் பதிவை மட்டும் திரும்ப எழுதினால் போதும், ஃபார்மட் தேவையே இல்லை.