உத்தரிக்கிற ஸ்தலமும் பத்து வெள்ளியும்

பாட்டியின் முப்பதாம் நாள் பூசைக்காக அம்மா ஓர் உறையில் பத்து வெள்ளி வைத்தார், கிள்ளான் லூர்து மாதா கோயிலில் கொடுப்பதற்கு. அன்று சித்தப்பாவும் வீட்டில் இருந்தார். அவர் பிரிக்பீல்ட்ஸ் சீயோன் லுத்தரன் சபையைச் சேர்ந்தவர்.

“போனவங்களுக்கு நாம இனிமே என்னாக்கா செய்ய முடியும்? உத்தரிக்கிற ஸ்தலம்னு பைபிள்ல எங்க இருக்கு?”

அம்மா என்னைப் பார்த்தார். “நீதான் படிச்சவனாச்சே, சொல்லு.”

நான் படித்தது சிவில் எஞ்சினியரிங். அன்று பதில் தெரியவில்லை. பிறகுதான் தேடினேன்.

சித்தப்பா சொன்னது சரி. அந்தச் சொல் பைபிளில் இல்லை. கத்தோலிக்கர் காட்டுவது மக்கபேயர் இரண்டாம் நூலின் 12ஆம் அதிகாரத்தை. போரில் இறந்த வீரர்களின் பாவம் தீர, யூதா மக்கபே 2,000 வெள்ளித் திராக்மா திரட்டி எருசலேமுக்குப் பலிக்காக அனுப்புகிறார். சித்தப்பாவின் பைபிளில் அந்நூலே கிடையாது. அப்படியென்றால் சண்டை ஒரு புத்தகத்தைப் பற்றியதுதான் என்று நினைத்தேன்.

தமிழில் நடந்தது வேறு. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். அவருக்குப் பின் பெஞ்சமின் சூல்ட்சே பழைய ஏற்பாட்டை முடித்தார். அத்தோடு நிற்காமல், மக்கபேயர் எந்தத் தொகுதியைச் சேர்ந்ததோ அந்தத் ‘தள்ளுபடி ஆகமங்க’ளையும் 1728இல் அச்சேற்றினார். அதே 1728இல் வீரமாமுனிவர் லுத்தரன்களை மறுத்து ‘வேத விளக்கம்’ எழுதினார். அச்சுக்கூடம் அவர்களிடம் இருந்தது, இவருடைய நூல்கள் ஏட்டில் பரவின.

ஆக, தகராறு புத்தகம் இருக்கிறதா இல்லையா என்பதில் இல்லை. அதன் அதிகாரத்தை யார் தீர்மானிப்பது என்பதில்தான். லுத்தருக்கு அவை வாசிக்க நல்லவை, ஆனால் வேதத்துக்குச் சமமல்ல. திரெந்து சங்கமோ 1546இல் மக்கபேயரையும் வேதம் என்றது. அப்போஸ்தலர் வழிவந்த மரபுக்கும் வேதத்துக்கும் சமமான வணக்கம் என்றது. ‘பைபிள்ல எங்க இருக்கு?’ என்று கேட்கும்போதே சித்தப்பா ஒரு பக்கம் நின்றுவிடுகிறார். ‘எங்கம்மா செஞ்சாங்க, நானும் செய்றேன்’ என்னும் அம்மா மறுபக்கம்.

அம்மாவின் பக்கம் பழையது. 387இல் ஓஸ்தியாவில் சாகக் கிடந்த மோனிக்கா, தன் உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், பீடத்தில் மட்டும் என்னை நினையுங்கள் என்று மகன் அகுஸ்தீனிடம் கேட்டுக்கொண்டார். லத்தீனில் ‘புர்காத்தோரியம்’ என்னும் பெயர்ச்சொல் தோன்றியதோ 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் என்கிறார் வரலாற்றாசிரியர் ழாக் லெ கோஃப். வேண்டுதல் முதலில் வந்தது, இடத்தின் பெயர் பல நூற்றாண்டுகள் கழித்து வந்தது. எங்கள் சைட்டில் வேலை முடிந்த பிறகு, கட்டியதைக் கட்டியபடி வரைந்து கொடுப்போமே, அதுபோல.

அதற்காக, கட்டியதெல்லாம் சரி என்று ஆகிவிடாது. ஆன்மாக்களை விடுவிக்கப் பலன் சீட்டு விற்றதும் மரபின் பெயரில்தான்; 1517இல் லுத்தர் அதைத்தான் கேள்வி கேட்டார். திரெந்து சங்கம் 1563இல் இந்த விஷயத்தில் சொன்னது இரண்டுதான்: அந்த நிலை உண்டு; அங்குள்ள ஆன்மாக்களுக்கு நம் வேண்டுதல், குறிப்பாகப் பூசை, உதவும். காசு ஆசையையும் மூடநம்பிக்கையையும் தடுக்க ஆயர்களுக்கு உத்தரவு போட்டது. அந்தத் தீர்மானத்தில் நெருப்பு இல்லை. சிறுவயதில் பாட்டி எங்களைப் பயமுறுத்திய நெருப்பைத்தான் சொல்கிறேன்.

தமிழ்ச் சொல்லிலும் நெருப்பு இல்லை. லத்தீன் சொல்லின் வேர் சுத்தம் செய்வது. ‘உத்தரித்தல்’ என்பதன் வடமொழி வேருக்குத் தண்ணீரைக் கடந்து கரையேறுதல் என்று பொருள்.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். சித்தப்பாவின் கேள்வி நியாயமானது, ஆனால் பைபிளைப் புரட்டி மட்டும் அதை முடிக்க முடியாது என்றேன். அம்மா மோனிக்காவின் கதையை மட்டும் திரும்பச் சொல்லச் சொன்னார்.

“பாட்டியும் அதத்தானே கேட்டாங்க” என்றார்.

அந்த உறையை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். பூசைக்குச் சித்தப்பாவும் வந்திருந்தார். பாட்டியின் பெயரை வாசித்தபோது அவர் தலை குனிந்திருந்தது. எதற்கு என்று நான் கேட்கவில்லை.